பேட்டரியைக் குடித்தது யார்

சார்ஜில் கிடக்கும் பேட்டரிக்கு ஒரு வாடை உண்டு. அழுகிய முட்டையும் ஈர இரும்பும் கலந்த, தொண்டையின் அடியைச் சுரண்டும் புளிப்பு. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பேட்டரிக் கடைகளைத் தாண்டும்போது இன்றும் மூக்கு ஒரு கணம் நின்றுவிடுகிறது. கால் நிற்பதில்லை. யாரோ என்னை அடையாளம் கண்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல நடையை எட்டிப் போடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கல்பாக்கம் அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், அளவு காட்டும் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை, ஸ்டாஃப் பஸ், சைக்கிள். அது போதாமல் எனக்கு ஒரு பாய்ப்படகு இருந்தது. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் என் தலையில் கட்டிவிட்டுப் போனது. சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் கழிமுகத்தில், ஐஸ் உடைக்கும் ஷெட்டை ஒட்டிக் கட்டி வைத்திருந்தேன். ஞாயிறு தோறும் பாயை ஏற்றி, மாமல்லபுரத்து லைட் ஹவுஸ் கண்ணில் படும்வரை போய்த் திரும்புவேன். எதற்கு என்று மனைவி கேட்பாள். காற்று எதற்கு அடிக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

படகின் அடியில் ஒரு கசிவு. ஓரிடத்தில் அடைத்தால் வேறிடத்தில் அழும். அதனால் உள்ளே தண்ணீர் சேர்ந்ததும் தானாக ஓடி இறைக்கும் சின்னப் பம்ப் ஒன்று வைத்திருந்தேன். பம்புக்குப் பேட்டரி, பேட்டரிக்குச் சார்ஜர், சார்ஜருக்கு ஷெட்டிலிருந்து இழுத்த நீள வயர். இதில் ஒன்று படுத்தால் படகு கட்டிய இடத்திலேயே முழுகும்.

சார்ஜர் புதிது, நானே செய்தது. கடைச் சரக்கை நம்புகிற ஆள் இல்லை நான். தகரப் பெட்டி, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், சூடு தணிக்கக் குட்டி விசிறி, முகப்பில் சிவப்பு விளக்கு. குவார்ட்டர்ஸ் சாப்பாட்டு மேசைமேல் மூன்று நாள் ஓடவிட்டு, அளந்து, திருப்திப்பட்டுத்தான் படகில் பொருத்தினேன்.

படகைப் பார்த்துக்கொண்டவர் ஐஸ் ஷெட்டில் வேலை செய்த குப்பத்து மனிதர். என் வயதுதான். சாயங்காலம் ஷெட்டுச் சுவரில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் படகை ஒரு பார்வை பார்ப்பார், காலையில் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலைக்குப் போவார். மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாயை மடிக்க உதவிக்கொண்டே கேட்டார்.

"சார், மாபலிபுரத்தாண்ட ரிசார்ட்டுல போட்டுங்களப் பாத்துக்க ஆளு எடுக்கறாங்க. மேனேஜரு என்னப் பத்தி உன்னிய கேப்பாரு. நல்லதா நாலு வார்த்த சொல்லு. ஐஸ் ஒடச்சி ஒடச்சி தோளு கயண்டு போச்சி."

"சொல்றேன்" என்றேன்.

"நெஜமாத்தானே? அப்பால மறந்துட்டேன்னு சொல்லிகினு வராத."

சிரித்தோம். அடுத்த ஞாயிறு பேட்டரி செத்துக் கிடந்தது. அடிப்பலகைமேல் முழங்கால் அளவு தண்ணீர்.

"நைட்டெல்லாம் லைட்டு எரிஞ்சிகினுதான் சார் இருந்துது. நா பாத்தேன்."

விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். ஏறியது எங்கே போயிற்று? பேட்டரியை ஸ்டாஃப் பஸ் டிரைவர் ஒருவர் மூலம் செங்கல்பட்டுக்கு அனுப்பி, பின்னாலேயே நானும் போனேன். கடைக்காரர் பேட்டரியின் ஒவ்வொரு அறையிலும் கண்ணாடிக் குழாயை விட்டு அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தார்.

"பேட்டரி மேல குத்தமே இல்ல அண்ணாத்த. நல்லாத்தான் கீது. யாரோ குடிச்சிகினு கீறாங்க."

"யாரு?"

"என்னிய கேட்டா? உன் வூட்டுப் பேட்டரி."

அந்த ஒற்றைச் சொல் என்னோடு பஸ்ஸில் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக வீடு வரை வந்தது. யாரோ. சோறு பிசையும்போது யாரோ. தலை துவட்டும்போது யாரோ. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. படகைப் பார்த்துக்கொள்கிறவர் வீட்டில் கறுப்பு வெள்ளைச் சின்ன டிவி ஒன்று உண்டு, பேட்டரியிலும் ஓடும் வகை. கிரிக்கெட் நாளில் கரண்ட் போனால் குப்பத்தில் அவர் வீட்டு வாசலில்தான் செருப்புகள் குவியும். எந்தப் பேட்டரியில் ஓடுகிறது அது?

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கருவிகளோடு பழகிய கை, ஆளையும் கருவிபோல அளக்கத் தொடங்கியது. பேட்டரிப் பெட்டியின் மூடிக்குக் குறுக்கே ஒரு கறுப்பு நூலைப் பசை வைத்து ஒட்டினேன். சார்ஜரின் கிளிப் பேட்டரியைக் கவ்வும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அடுத்த ஞாயிறு நூல் அறுந்திருந்தது, கோடு அழிந்திருந்தது, பேட்டரி காலி. உள்ளுக்குள் ஒரு கேவலமான மகிழ்ச்சி. நான் சரி! உலகத்தில் நான் சரி என்பதைப்போல ருசியான விஷம் வேறில்லை.

"பகல்லயும் போட்டு வைங்க. அணைக்கவே வேணாம்" என்றேன், முகத்தைப் பார்க்காமல்.

"இன்னா சார், ஒரு மாரியா கீற? வூட்ல எதுனா பேஜாரா?"

"ஒண்ணும் இல்ல."

அந்த வாரம் ரிசார்ட் மேனேஜர் ஆபீசுக்குப் போன் செய்தார். அந்த ஆள் எப்படி, நம்பலாமா? "வேலை தெரிஞ்ச ஆள்தான் சார். ஆனா..." என்றேன். அந்த ஆனாவுக்குப் பிறகு நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மேனேஜரும் கேட்கவில்லை. "புரியுது சார், ரொம்ப தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டார். பொய் எதுவும் சொல்லவில்லை என்று அன்று பூராவும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் அந்த ஆனா நியாயமாகிவிடும். அடுத்த வாரம் அரை நாள் லீவு போட்டேன். மத்தியானம் மூன்று மணி, சவுக்குத் தோப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மரத்துக்குப் பின்னால் நின்றேன். நாற்பதை நெருங்கும் ஒரு அரசு ஊழியன் மரத்தின் பின்னால். எறும்பு காலில் ஏறியது, உதறவில்லை.

அவர் வந்தார். படகில் இறங்கினார். பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். இடுப்புத் துண்டை உருவி, கிளிப்பில் பூத்திருந்த உப்பைத் துடைத்தார். குனிந்து பேட்டரித் தண்ணீர் மட்டம் பார்த்தார். மூடினார். ஒரு குவளையை எடுத்து அடித் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்ற ஆரம்பித்தார்.

அப்போது ஷெட்டில் ஐஸ் உடைக்கும் மெஷின் ஓய்ந்தது. "போச்சுடா கரண்டு" என்று உள்ளே யாரோ கத்தினார்கள். கழிமுகம் பூராவும் திடீர் அமைதி. அந்த அமைதியில் என் சார்ஜரின் குட்டி விசிறி மட்டும் சுற்றுவது கேட்டது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மரத்துக்குப் பின்னாலிருந்து எப்போது வெளியே வந்தேன் என்று தெரியாது. ஷெட்டுச் சுவரில் பிளக்கைப் பிடுங்கினேன். விளக்கு அப்போதும் எரிந்தது. பேட்டரியிலிருந்து கிளிப்பைக் கழற்றினேன். அணைந்தது.

விளக்கையும் விசிறியையும் பேட்டரி மாட்டும் பக்கத்தில் இணைத்துத் தொலைத்திருக்கிறேன். கரண்ட் இருக்கும்வரை அவற்றைச் சார்ஜர் ஓட்டும், போனால் பேட்டரி ஓட்டும். நான் சோதித்த டவுன்ஷிப்பில் கரண்ட் போவதே இல்லை. மின்சாரம் பிறக்கிற ஊரல்லவா. அதே காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம், குப்பத்தில், அது நினைத்தால் வரும், நினைத்தால் போகும், வந்தாலும் பாதி உயிரோடு வரும். சார்ஜர் அவ்வப்போது ஊட்டியதை ராவும் பகலுமாகக் குடித்தது என் சிவப்பு விளக்குதான். எரிகிறது, ஏறுகிறது என்று அதுதான் இரண்டு பேரிடமும் புளுகியது.

குவளையோடு அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சவுக்குத் தோப்பையும் பார்த்தார். சைக்கிள் அங்கே சாய்ந்திருந்தது.

"எம்மா நேரமா அங்க நிக்கிற?"

சொன்னேன். நூல், கோடு, டிவி, மேனேஜர், ஆனா. எல்லாம்.

"டிவிக்கு எம்மச்சான் லாரி பேட்டரி கீது சார். வந்து பாத்திருக்கலாமே. நாஸ்தா துன்ட்டு மேட்ச்சும் பாத்துட்டுப் போயிருப்ப." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ மேனேஜரு கூப்புடாதது அதனாலதானா? நா ஆள் இன்னும் எடுக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

மறுநாள் காலை ரிசார்ட் வாசலில் நின்றேன். மேனேஜர் மரியாதையாகக் காப்பி கொடுத்தார். அச்சரப்பாக்கத்து ஆள் ஒருவர் முந்தின வாரமே சேர்ந்துவிட்டாராம். தப்பு என் பேரில் என்று எழுதிக் கொடுத்தேன். மடித்து மேசை டிராயரில் போட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, படகைப் பார்த்துக்கொண்டவர் சென்னைக் காசிமேட்டுக்குக் கிளம்பினார், யாரோ சொந்தக்காரரின் விசைப்படகுக்கு. ஈ.சி.ஆர். ஸ்டாப்பில் பையோடு நின்றார். நானும் போய் நின்றேன். புதுப்பட்டினத்துப் பக்கமிருந்து பஸ் வருவது தெரிந்தது.

"என்மேல கோவமா?" என்றேன்.

"கேட்டிருந்தீன்னா அன்னிக்கே உங்கிட்ட சண்ட போட்டிருப்பேன் சார். அத்தோட முடிஞ்சிருக்கும்." படியில் கால் வைத்து, பையை உள்ளே தள்ளினார். "இப்ப இன்னாத்த போடறது? நவுரு, வண்டி எடுக்கறான்."