சைலன்சரும் என் இரண்டு பக்க முறைப்பாடும்

என் ஸ்கூட்டியின் சைலன்சர் இன்று பழுதுபார்ப்பு நிலையத்திலிருந்து அதே ஓட்டையுடன் வீடு திரும்பியது.

வாங்கி ஆறு மாதத்திற்குள் அதன் கறுப்புப் பூச்சு உரிந்து, கடற்காற்றில் துருவேறி, ஓட்டையும் விழுந்தது. வாரண்டி இருந்தபடியால் கொழும்பிலுள்ள கம்பனிக்கு இரண்டு பக்க முறைப்பாடு எழுதினேன். நான் எட்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆயினும் என் கடிதத்தில் ஒரு பிழை காட்ட எவராலும் இயலாது.

இன்று பழுதுபார்ப்பு நிலைய ஊழியர் கேட்டார்:

"ராத்தா, சைலன்சரப் புளி போட்டு வெளக்கின நீங்களா?"

"ஓம். பெருநாளைக்குப் பித்தளச் சாமான் வெளக்கக்குள்ள அதையும் வெளக்கின. பளபளண்டு வந்திச்சி."

"அதுலதான் கறுப்பு போயிரிக்கி. கம்பனியால மாத்தித் தர ஏலாதாம்."

"புளி போட்டது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் என் கடிதத்தை நீட்டினார். "நீங்கதானே எழுதியிரிக்கீங்க."

உண்மைதான். என் பராமரிப்பின் சிறப்பை உணர்த்தும் பொருட்டு, "புளியிட்டுப் பொன்போல் துலக்கிப் பேணிய பின்னரும் துருப்பிடித்தமை" என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

"அந்த வரிய வெட்டிட்டு மறுகா எழுதித் தரட்டா?"

"கொழும்புல வாசிச்சி முடிஞ்சி, ராத்தா. ஆனா கடிதம் நல்ல வடிவாம். சொல்லச் சொன்னாங்க."

வரும் வழியில் கல்முனைக்குடியே என் ஸ்கூட்டியின் சத்தத்தைத் திரும்பிப் பார்த்தது. நாளை தையல் வகுப்பு எடுக்கக் காரைதீவு வரை இதே சத்தத்துடன்தான் செல்ல வேண்டும்.

வழியில் பொலிஸார் மறித்துக் காரணத்தை எழுத்தில் கேட்டால், எத்தனையாவது வரியில் நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தோர் தயவுசெய்து கூறுங்கள்.