உள்ளே அமர்ந்த மகள்

ராஜபாளையத்தில் ரோஷனைச் சேட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பார்சி, சேட்டு வீடு இல்லை என்று விளக்குவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். கணவர் எலியேசர் பேண்டேஜ் துணி ஆலையில் மெக்கானிக். மும்பையில் வேலை பார்த்தபோது பழகிக் கட்டிக்கொண்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி ஒன்றில் அவள் இங்கிலீஷ் டீச்சர். பஸ்ஸில் போகவர ஆங்கிலத்தில் கதை எழுதுவாள்.

போன வருஷம் அப்பாவுக்கு முடியவில்லை என்று குஜராத்திலிருந்து தகவல் வந்தது. மதுரையில் விமானம் ஏறினாள். போய்ச் சேர்வதற்குள் அவர் இறந்திருந்தார். சமூகத்துக்கு வெளியே கட்டிக்கொடுத்த பெண்கூட இல்லை, தானே போய்க் கட்டிக்கொண்டவள், பிரார்த்தனைக் கூடத்துக்குள் வரக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். அண்ணன் கெர்சி தலையைக் குனிந்துகொண்டான். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மந்திரச் சத்தத்தைக் கேட்டாள். அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. அழுகை வரவில்லை.

ஊர் திரும்பி அதையே கதையாக எழுதி லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினாள். பத்திரிகையின் ஆசிரியை வீடியோவில் பேசினாள்.

"கதை பிடித்திருக்கிறது. ஆனால் சந்தனக்கட்டை, நெருப்பு, வெள்ளை அங்கி, எதுவுமே இல்லையே? எங்கள் வாசகர்கள் பார்சிகளை உள்ளேயிருந்து பார்க்க ஆசைப்படுவார்கள்."

"நான் வெளியேதான் இருந்தேன்."

"கதைதானே, ரோஷன்."

எலியேசருக்குப் பிடிக்கவில்லை. "அவிய சொல்லுதாகன்னு மாத்தணுமாக்கும்?"

"மாத்துனா என்ன" என்றாள்.

யூடியூப்பில் சடங்குகளைப் பார்த்து மாற்றினாள். கதையில் மகள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை வந்ததும் டொராண்டோவிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் பார்சிகள் மெயில் அனுப்பினார்கள். எங்கள் வீட்டுச் சாவு மாதிரியே இருக்கிறது என்றார்கள். நன்றி என்று எல்லோருக்கும் ஒரே பதிலைப் போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கெர்சி கூப்பிட்டான். சாவுக்குப் பிறகு அதுதான் முதல் போன்.

"படித்தேன்" என்றான் குஜராத்தியில். "கனடாவில் என் பிள்ளைகளும் படித்தார்கள். அத்தை அன்றைக்கு உள்ளேதான் இருந்தாளா என்று கேட்டார்கள்."

"ம்."

"ஆமாம் என்று சொல்லிவிட்டேன்."

சொல்லிவிட்டு அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எலியேசர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரு போன்ல?"

"கெர்சி."

"என்ன சொல்லுதாரு மச்சான்?"

"நான் உள்ளதான் இருந்தேனாம்."

அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பொறவு கேட்டார்: "சோறு வைக்கட்டா?"

"வைங்க. வாரேன்."