பீடோர்லேர்ந்து இழுத்துட்டு வந்த காரவேன்

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். பேய், ஆவி, ஹந்து இதுல எல்லாம் எனக்கு ஒரு காலத்துலயும் நம்பிக்கை கெடையாது. நான் வெல்டிங்காரன். இரும்பு, தகரம், ஸ்குருன்னு பொழைச்சவன். வண்டியில சத்தம் வந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், தேடுனா கெடைக்கும், எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதோட இது ராத்திரிக் கதையும் இல்ல. காலையில பத்து மணியிலேர்ந்து மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள, மெயின் ரோட்டுல, லாரியும் பஸ்ஸும் போயிட்டு வந்துட்டு இருக்கும்போது நடந்தது. நம்புனா நம்புங்க, இல்லன்னா காப்பிய குடிச்சிட்டுப் போங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

எண்பத்தொண்ணோ எண்பத்திரெண்டோ, சரியா ஞாபகம் இல்ல. ஈப்போ புந்தோங்ல நானும் காதரும் சேர்ந்து ஒரு பட்டறை வச்சிருந்தோம். தகரம், வெல்டிங் எல்லாம் நான், வயரிங்கும் சீட்டு தைக்கிறதும் காதர். அவன் தமிழ் முஸ்லிம், என்னைவிட ரெண்டு வயசு மூப்பு, ஆனா மச்சான் மச்சான்னுதான் கூப்பிட்டுக்குவோம். லாரி பாடி கட்டிட்டு இருந்த எங்ககிட்ட எப்படியோ காரவேன் வேலையும் வர ஆரம்பிச்சுது. காரவேன் தெரியும்ல, காருக்குப் பின்னால கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன வீடு, உள்ளயே படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் இருக்கும். வெள்ளக்காரத் துரைமாருங்க ஊருக்குத் திரும்பும்போது விட்டுட்டுப் போனது அங்கங்க தோட்டத்துல கெடந்துச்சு. சீனத் தவுக்கேமாருங்க, அதான் மொதலாளிமாருங்க, அத வாங்கி, சரி பண்ணி, கடலோரமா கொண்டு போயி வச்சி லீவு நாள்ல தங்குறது அப்ப ஒரு ஆசை.

அந்த வேலை லேசுப்பட்டது இல்ல. வெளியில அலுமினியத் தகடு பளபளன்னு இருக்கும், பிரிச்சுப் பாத்தா உள்ள மரச்சட்டமெல்லாம் மழைத்தண்ணி எறங்கி புட்டு மாதிரி உதிரும். ஒவ்வொரு சட்டமா எடுத்து அளவு பாத்து புதுசு போடணும், கூரை இணைப்புக்கெல்லாம் பசை வைக்கணும், இல்லன்னா அடுத்த மழைக்கே ஒழுகும். மூணு காரவேன் அப்படி முடிச்சுக் குடுத்துட்டோம். நாலாவதா ஒரு தவுக்கே வந்து, பீடோர் பக்கத்துல ஒரு தோட்டத்துல ஒண்ணு வாங்கிட்டேன், போயி இழுத்துட்டு வாங்கன்னாரு.

போனோம். ரப்பர் மரத்த வெட்டிட்டு செம்பனை போட்டுட்டு இருந்தாங்க, பாதி லயத்து வீட்டுல ஆளே இல்ல. ஆபீசுக்குப் பின்னால காரவேன் நின்னுச்சு. மொத நாள் டயர் மாத்தி, பேரிங்குக்கு கிரீஸ் வச்சு, பிரேக் கம்பிய சரி பண்ணி வச்சிட்டு வந்தோம். மறுநாள் லேண்ட்ரோவர கொண்டு போயி மாட்டுனோம். தோட்டத்துக் கிராணி, அதான் ஆபீஸ் கிளார்க்கு, சாவிய குடுத்துட்டு, "உள்ள ஏதோ பழைய துணிமணி கெடக்கும், தூக்கிப் போட்டுருங்க"ன்னாரு. உள்ள ஏறிப் பாத்தேன். எத்தனையோ வருசமா கெடந்த வண்டி மாதிரியே தெரியல. தரை கூட்டியிருக்கு, சன்னலுக்கு துணி தச்சு மாட்டியிருக்கு. அலமாரிக் கதவ மட்டும் கயித்தால கட்டியிருந்துச்சு. எனக்கு அவசரம், ஈப்போ போயி பாத்துக்கலாம்னு கதவ சாத்தி, வெளியில பூட்டப் போட்டு, சாவிய சட்டைப் பையில வச்சுக்கிட்டேன்.

இப்ப கவனிச்சுக் கேளுங்க. காரவேன் இழுக்குறவனுக்கு உள்ள கனம் எங்க இருக்குன்னு ஸ்டேரிங்கப் பிடிச்சிருக்கும்போதே தெரியும். முன்னால கனம் இருந்தா வண்டி ஒழுங்கா பின்னாடி வரும், பின்னால கனம் போச்சுன்னா வால் ஆட ஆரம்பிக்கும். பீடோர் தாண்டி கொஞ்ச தூரம் நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் வால் ஆடுச்சு. மெதுவா போனேன். ஆட்டம் தானா நின்னுச்சு. மறுபடியும் ஆடுச்சு, மறுபடியும் நின்னுச்சு. மேடு இல்ல, பள்ளம் இல்ல, காத்தும் இல்ல.

காதர் சொன்னான், "மச்சான், உள்ள யாரோ நடக்குற மாதிரி இருக்குல்ல?"

"ஏதாச்சும் உருளும்லா"ன்னேன்.

ஓரமா நிறுத்தி கொக்கியப் பாத்தேன், டயரத் தட்டிப் பாத்தேன், பூட்டத் தொறந்து உள்ள ஏறியும் பாத்தேன். உருளுற மாதிரி ஒரு சாமான் இல்ல. பூட்டிட்டு வந்து வண்டிய எடுத்தேன்.

தாப்பா தாண்டுனதும் ஒரு போலீஸ்காரர் கைய காட்டி நிறுத்துனாரு. மலாய்க்காரர், நடு வயசு, நல்ல மனுசன் மாதிரிதான் பேசுனாரு. லைசென்ஸ வாங்கிப் பாத்துட்டு, "இழுத்துட்டுப் போற காரவேன்ல ஆள் ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா? அந்த மாக்சிக்க எறக்கி முன்னால உக்கார வச்சுக்கங்க"ன்னு மலாய்ல சொன்னாரு. மாக்சிக்னா நம்ம பெரியம்மாங்கிற மாதிரி.

எந்த மாக்சிக்னு கேட்டேன். முன் சன்னல்ல உக்காந்திருக்காங்களே, வெள்ள முடி, காது தோள் வரைக்கும் தொங்குதே, அவங்கதான்னாரு. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. சாவிய எடுத்து அவரு கையிலயே குடுத்தேன். அவரே தொறந்தாரு, அவரே ஏறுனாரு. படுக்கைக்கு அடியில குனிஞ்சு பாத்தாரு, சன்னல் துணிய விலக்கிப் பாத்தாரு. எறங்கி வரும்போது அவரு மொகம் மாறிப் போச்சு. "இப்பதான், நீங்க வந்து நிக்கும்போது, என்னையப் பாத்தாங்க"ன்னாரு. என்கிட்ட சொன்ன மாதிரி இல்ல, அவருக்கு அவரே சொல்லிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. அவரே பூட்டையும் போட்டாரு. லைசென்ஸத் திருப்பிக் குடுத்துட்டு, மெதுவா போங்கன்னு மட்டும் சொன்னாரு.

காதர் ஓதிக்கிட்டே வந்தான். எனக்கு எரிச்சலா இருந்துச்சு, வெயில்ல நின்னு நின்னு அந்தாளுக்கு கண்ணக் கட்டிருச்சுன்னேன். காம்பார் வந்ததும் தே, அதான் டீ, ரெண்டு பொட்டலம் கட்டி வாங்கி, காரவேன் செவுத்துல சாஞ்சு நின்னு குடிச்சோம். அப்பதான் காதர் என்கிட்ட ஒரு விசயம் சொன்னான். நெஞ்சு வால்வு சரியில்லையாம், டாக்டரு ஆபரேசன் பண்ணியே ஆகணும்னு சொல்லிட்டாராம், நாலு மாசமா மறைச்சு வச்சிருக்கானாம். "வீட்டுல சொல்லல மச்சான், பயந்துருவா, நீயும் சொல்லிராத"ன்னான். பட்டறையில நாள் பூரா என் பக்கத்துல நின்னு வேலை செய்யறவன், மூச்சு வாங்குனா சிகரெட்டுன்னு சொல்லிச் சமாளிச்சிருக்கான்.

ரெண்டு மணிக்கு பட்டறைக்கு வந்து சேந்தோம். சாயங்காலமா அந்த அலமாரியப் பிரிச்சேன். உள்ள நாலு சேலை மடிச்சு வச்சிருக்கு, ஒரு தட்டு, ஒரு டம்ளர், சாமி படம், சீப்பு. டின் ஒண்ணுக்குள்ள ஒரு சிவப்பு ஐ.சி., அடையாள அட்டை. பேரு பாக்கியம். போட்டோவுல வயசான ஒரு அம்மா, காது தோள் வரைக்கும் தொங்குது. காதர் அத வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தான்.

கிராணிக்கு போன் போட்டேன். கொஞ்ச நேரம் இழுத்தாரு, அப்புறம்தான் சொன்னாரு. பாக்கியம் அந்தத் தோட்டத்து வெள்ளக்காரத் துரை வீட்டுல சமைச்ச அம்மாவாம். துரை போகும்போது நீ இதுலயே இருந்துக்கன்னு வாய் வார்த்தையா சொல்லிட்டுப் போயிருக்காரு. புள்ளகுட்டி இல்ல, பதினோரு வருசமா அந்த அம்மா காரவேன்லதான் குடியிருந்திருக்காங்க. மூணு வாரத்துக்கு முன்னால குழாயடியில வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. "அந்த வயசுல இனி எங்க எந்திரிச்சு வரப்போகுதுன்னுதான் வித்துட்டோம்"னாரு. செத்துப் போன அம்மாவா இருந்திருந்தாகூட நான் ஒரு மாதிரி மனசத் தேத்தியிருப்பேன். உசுரோட இருக்குற ஒருத்தவங்க வீட்ட, அவங்களுக்கே தெரியாம, நான்தான் கொக்கி போட்டு இழுத்துட்டு வந்திருக்கேன்.

மறுநாள் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலத் தூக்கிக் கட்டி, கயித்துல கனம் தொங்க விட்டிருந்தாங்க. அந்தக் கட்டில விட்டு அவங்க அசையவே முடியாது. நர்ஸ் ஒரு தமிழ்ப் பொண்ணு, யாரு நீங்கன்னு கேட்டுட்டு, "நேத்து காலையிலேர்ந்து ஒரே கத்தல் அண்ணே. கட்டிலு ஓடுது, கட்டிலு ஓடுதுன்னு கம்பியப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் அடங்குனாங்க"ன்னுச்சு.

நான் கிட்ட போயி, "பெரியம்மா"ன்னேன். அதுக்கு மேல எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அவங்க எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க. பயமும் இல்ல, கோவமும் இல்ல.

"வந்துட்டீங்களா. ஏன்யா இப்படி ஓட்டுற, வளைவுல எல்லாம் எங்கயாச்சும் பிடிச்சுக்க வேண்டியதா இருக்கு"ன்னாங்க.

நான் ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்தேன்.

"காம்பார்ல நின்னு நீங்க மட்டும் தே குடிச்சீங்க. எனக்கு தொண்ட வறண்டு போச்சு, செவுத்தத் தட்டுனேன், கேக்கலியா?" அப்புறம் காதர் பக்கம் திரும்பி, கொரலத் தாழ்த்தி, "வீட்டுல சொல்லிரு தம்பி. பொஞ்சாதிகிட்ட மறைக்கிற சமாச்சாரமா அது?"ன்னாங்க.

நான் யாருகிட்டயும் சொல்லல, சத்தியமா சொல்லல. காதர் அந்த எடத்துலயே அழுதுட்டான். அன்னைக்கே வீட்டுல சொன்னான், அடுத்த மாசம் கோலாலம்பூர்ல ஆபரேசன் ஆச்சு, இன்னைக்கு வரைக்கும் நல்லா இருக்கான்.

தவுக்கேகிட்ட போயி நடந்தத சொன்னேன். முழுசாக்கூட கேக்கல, "ஐயோ சுவே லா, ராசியில்லாதது, எனக்கு வேணாம், நீயே வச்சுக்க"ன்னு கைய ஒதறிட்டாரு. நல்லதாப் போச்சுன்னு பட்டறைக்குப் பின்னால காரவேன நிறுத்தி சட்டமெல்லாம் புதுசு போட்டேன், காதர் தேறி வந்து லைட்டு, விசிறிக்கு வயர் இழுத்துக் குடுத்தான், ஏறுறதுக்கு வசதியா கைப்பிடியோட படிக்கட்டு வெல்டிங் பண்ணுனேன். எந்திரிக்கவே மாட்டாங்கன்னு சொன்ன அம்மா ஆறு மாசத்துல கம்பு ஊணிக்கிட்டு வந்து அதுல குடியேறுனாங்க. எங்க ரெண்டு வீட்டுச் சோறும் அவங்களுக்குப் போகும். எப்படி பெரியம்மா அன்னைக்கு வந்தீங்கன்னு ஒரு தடவ கேட்டேன். "நான் எங்க வந்தேன், நீதான இழுத்த"ன்னாங்க. அதுக்கு மேல நானும் கேக்கல. பட்டறை வேலை, புள்ளைங்க படிப்புன்னு அது பாட்டுக்கு மறந்துகூடப் போச்சு. அதோட முடிஞ்சிருந்தா நான் இத இன்னைக்கு உங்ககிட்ட சொல்லிட்டு உக்காந்திருக்க மாட்டேன்.

மூணு வருசம் கழிச்சு, தோட்டத்துக் கோயில் திருவிழாவப் பாக்கணும்னு ஆசப்பட்டாங்க. லேண்ட்ரோவர்ல முன்னால மூணு பேரும் உக்காந்து போனோம், நடுவுல அவங்க, ஓரத்துல காதர். கோப்பேங் தாண்டி, பழைய ஈயம் தோண்டுன குட்டைங்க ரெண்டு பக்கமும் வருமே, அந்த எடம். சும்மா வேடிக்க பாத்துட்டு வந்தவங்க, "இங்கதான அவரு எறங்கிக்கிட்டாரு"ன்னாங்க.

"யாரு பெரியம்மா?"

"அன்னைக்கு என்னைய இழுத்துட்டுப் போனீங்கல்ல, அப்ப. என் எதிர்க்க உக்காந்திருந்தாரே, ஒசரமா. வழி பூரா ஒரு வார்த்த பேசல. இங்க வந்ததும் கதவத் தொறந்துக்கிட்டு எறங்கிப் போயிட்டாரு."

"இங்க நாங்க நிறுத்தவே இல்லையே"ன்னேன்.

"நிறுத்தலதான். ஓடிக்கிட்டு இருக்கும்போதே எறங்குனாரு."

காதர் மெதுவா கேட்டான், "துரையா இருக்குமோ பெரியம்மா?"

"துரைய எனக்குத் தெரியாதாய்யா? இவரு நம்ம ஆளு"ன்னாங்க. அப்புறம் எங்க ரெண்டு பேரு மொகத்தையும் பாத்து, என்னத்தக் கேக்குறானுங்கங்கிற மாதிரி, "உங்ககூட வந்தவருன்னுல்ல நெனச்சேன். நீங்க மூணு பேருதான வந்தீங்க?"ன்னாங்க.

காதர் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். நான் ரோட்டப் பாத்து ஓட்டுனேன். இப்ப ஹைவே வந்துருச்சு, அந்தப் பழைய ரோட்டுல நான் போறதே இல்ல. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் பெரியம்மா எங்களோடதான் இருந்தாங்க. ரெண்டு பேருதான் போனோம்னு அவங்ககிட்ட நாங்க கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.