சப்பாத்தோடு விளக்கேற்றிய பிரபு

வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் முதியவர்களைத் தூக்குவது எப்படி, குளிக்க வார்ப்பது எப்படி என்றுதான். வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சமாம் ஆண்டு. மொன்றியலில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஸ்கொட்லாந்துப் பிரபு ஒருவரைப் பார்க்க ஏஜென்சி என்னை அனுப்பியது. இளமையில் இராணுவ அதிகாரி, பிறகு பாராளுமன்ற உறுப்பினர். முதல் நாள் சப்பாத்தைக் கழற்றியபோதுதான் இடது பாதம் செயற்கை என்று கண்டேன். போரில் மிதித்த கண்ணிவெடி.

"இது மகளுக்கும் டொக்டருக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்," என்றார். தலையாட்டினேன்.

தை மாதம் மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. நான் ஒரு பிரபுவைப் பார்க்கிறேன் என்று அளந்துவிட்டதில், தலைவர் அண்ணை பிடித்துக்கொண்டார். "பிரதம விருந்தினராக் கூட்டிக்கொண்டு வாரும்!" பிரபுவுக்கும் மேடை என்றால் உயிர். பதக்கங்களை எல்லாம் குத்திக்கொண்டு வந்துவிட்டார்.

குத்துவிளக்கடியில் வந்தது வினை.

"தம்பி, ஐயாவைச் சப்பாத்தைக் கழட்டச் சொல்லும்."

"அண்ணை, இண்டைக்கு ஒருநாள் விடுங்கோ."

"உதென்ன கதை? பிரபுவெண்டாலும் சாமிக்கு முன்னாலை சப்பாத்தோடையோ? விடும், நான் கழட்டிவிடுறன்." மரியாதை என்று நினைத்துக் குனிந்தே விட்டார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "தொடாதேங்கோ அண்ணை! அவருக்கு இடது பாதம் இல்லை. சண்டையிலை போயிட்டுது!" என்று கத்திவிட்டேன். தமிழ்தானே, அவருக்கு எங்கே விளங்கப் போகிறது என்ற துணிவு. தலைவரின் கையில் மைக் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

பிரபு சப்பாத்தோடு விளக்கேற்றினார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். எங்கள் நாட்டுச் சண்டையில் காலை இழந்தவர்கள் எங்கள் வீடுகளிலும் இருந்தார்கள். அந்தக் கைதட்டலில் பொய் இல்லை. ஆனால் அவர் என்னை நம்பிச் சொன்ன இரகசியத்தை மண்டபத்துக்கே சொன்னவன் நான்.

காரில் வீடு திரும்பும்போது ரொக்ஸ்பரோ தாண்டியும் அவருக்கு வாய் ஓயவில்லை. "எத்தனை தேர்தலில் நின்றிருக்கிறேன்! பாவம் பார்த்து ஒரு வாக்கும் விழக்கூடாது என்றுதான் காலை மறைத்தேன். அப்போதெல்லாம் எந்த மண்டபமும் எனக்காக எழுந்து நிற்கவில்லை. இன்று நின்றது." பிறகு கேட்டார்: "மேடையில் நீ என்ன சொன்னாய்?"

"உங்கள் சேவையைப் பற்றி, சேர்."

"நல்லவன் நீ," என்று தோளில் தட்டினார். அந்தக் கை என் கன்னத்தில் விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிள்ளைகளே, நீங்கள் பார்க்கிறவருக்கு விளங்காது என்ற துணிவில் அவரைப் பற்றித் தமிழில் ஒரு சொல்லும் கதைக்காதீர்கள். வேறென்ன சொல்ல? அடுத்த பொங்கலுக்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிக் கிழமைகளில் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: "உன் ஆட்கள் என்னைத் திரும்பக் கூப்பிடுவார்களா?"