நாற்பது அடி தூரத்துக்கு ஒரு மெயில்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மெயில் எழுதும் முறை பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் என்னை விட்டால் ஆள் ஏது? குறிப்பெடுக்கப் பழைய டைரியைப் பிரித்தேன். ஓசூரை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் தாளில் லேத்தில் ஊற்றும் கட்டிங் ஆயில் வாடை போகவில்லை.

டைரியைத் தொட்டுப் புரட்டிய முனிரத்தினத்தின் கை வாடை அது. எங்கள் தொழிற்சாலையில் கடைந்த உதிரிபாகப் பெட்டிகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவர். கிருஷ்ணகிரிப் பக்கம் நாகரசம்பட்டிக்காரர். டீயைக் கன்னடத்தில் கேட்பார், லாரிக்காரர்களைத் தெலுங்கில் திட்டுவார், மனசில் இருப்பதை மட்டும் தமிழில் சொல்வார். மாங்காய்க் காலத்தில் என் மேஜையில் அவர் வைத்த ஒரு பை மாங்காய் இருக்கும். மெயில் மாதிரி 'சப்ஜெக்ட்' வரி கிடையாது, அனுப்புநர் பெயர் கிடையாது.

எங்களுக்கு மெயில் வந்த புதுசு. விதிகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டியவன் நான்தான். முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதாக அர்த்தம் என்று ஒரு விதி. "லேத் பக்கத்துல கத்தாம பேசுனா யாருக்குக் கேக்கும் சார்?" என்றார் முனிரத்தினம்.

ஒரு நாள் காலை, கேட்டுக்கு எதிரே டீக்கடையில், தமிழில் பேச ஆரம்பித்தார்.

"நேத்து வீட்டுக்காரிய கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரில சேத்தேன் சார். போற அவசரத்துல பதினாறு பெட்டிக்குப் பாக்காமயே முத்திரை குத்திட்டன். லாரி சாயந்திரந்தான் போவுது. இப்பவே பிரிச்சுப் பாத்துடறன். மனசு கேக்கல, உங்ககிட்ட சொல்லிட்டன்."

"பாருங்க" என்றேன். என் நாற்காலிக்குத் திரும்பினேன். வாயால் பேசியதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும் என்பது நான் ஒட்டிய ஐந்தாவது விதி. 'நாம் காலையில் பேசியபடி' என்று தொடங்கி நான்கு வரி எழுதினேன். மரியாதையான மெயில். அவருக்கு அனுப்பி, மேனேஜருக்கு நகல் போட்டேன். நகல் ஏன் என்று கேட்காதீர்கள். கை தானாகப் போட்டது.

அவர் பதினாறையும் பிரித்துப் பார்த்திருந்தார். ஒன்றில்கூடப் பழுதில்லை. ஆனால் பார்க்காமல் முத்திரை குத்தியது எழுத்தில் வந்துவிட்டதே! மூன்றாம் நாள் அவர் கணக்கை முடித்து வேலையிலிருந்து அனுப்பினார்கள். நான் மேனேஜரிடம் போய்ப் பேசினேன். "நீங்கதானே சார் எழுதினீங்க" என்றார் அவர்.

முனிரத்தினம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். தெலுங்கில் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"படிச்சுப் பாத்தன் சார். ஒரு எழுத்துப் பிழை இல்ல" என்றார்.

இன்னொரு தொழிற்சாலையில் சேர்ந்ததாகக் கேள்வி. நான் விசாரிக்கவில்லை. அடுத்த மாங்காய்க் காலத்தில் என் மேஜை காலியாக இருந்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். டீக்கடையும் இல்லை, எங்கள் ஷெட்டும் இல்லை. கம்பி வேலிக்குள் வெறும் மண். டைரியில் மடித்து வைத்திருந்த அந்த மெயிலின் அச்சை இன்றும் படித்துப் பார்த்தேன். பிழை இல்லைதான். என் நாற்காலியிலிருந்து அவர் மேஜைக்கு நாற்பது அடி. எழுந்து போய் அவரோடு இரண்டு பெட்டியைப் பிரித்திருக்கலாம். இப்போது நடக்கலாம் என்றால் அந்த நாற்பது அடியும் இல்லை.