பாண்டிச்சேரி பக்கம் திருப்பிய ஆன்டெனா

அக்காவின் காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் கலைந்துபோனார்கள். சிதம்பரத்து வீட்டில் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, ஒண்டியாக.

"கடலூருக்கு எங்களோடவே வந்துடுங்க மாமா."

"டிவி மட்டும் பேசிக்கிட்டிருந்தா போதும் மச்சான். இங்கயே ஓட்டிடுவேன்."

டிவி இருந்தது, கேபிள் பெட்டியும் இருந்தது. கண் பாதி மங்கிய மாமாவுக்கு அந்த ரிமோட்தான் பிடிபடவில்லை. எதையாவது அழுத்துவார், இங்கிலீஷில் ஏதோ எழுத்து வந்து நின்றுவிடும்.

"அதெல்லாம் உங்க அக்கா டிபார்ட்மெண்ட். மாடியில பழைய ஆன்டெனா இருக்கு பாரு, அத சரி பண்ணிக் குடு. சுவிட்சப் போட்டா படம், நிறுத்துனா இருட்டு. அவ்ளோதான் எனக்கு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். ஆன்டெனாவில் இரண்டு குச்சியைக் காணோம். காக்கா உட்கார்ந்து உட்கார்ந்து மற்றதும் தொங்கிக் கிடந்தது. குடைக்கம்பி வைத்துக் கட்டினேன். புது ஒயர் இழுத்தேன். பைப்பை இன்னும் ஓர் ஆள் உயரம் ஏற்றினேன்.

"வடக்கால திருப்பு மச்சான், பாண்டிச்சேரி பக்கமா!" கீழே ஜன்னலிலிருந்து மாமா.

"வருதா?"

"எறும்பு ஓடுது!"

படம் வராமல் வெறும் புள்ளியாக அடித்தால் மாமா அப்படித்தான் சொல்வார். இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

"இப்ப?"

"ஜாஸ்தியாயிடுச்சு. சொந்தபந்தத்தயெல்லாம் கூட்டியாந்துட்டியா?"

எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா சத்தமாகக் கேட்டார்: "இன்னாத்துக்குங்க இத திருப்புறீங்க? அந்தப் பாண்டிச்சேரி டிவி ஸ்டேஷன மூடி வருஷக்கணக்காச்சே, தெரியாதா?"

கேபிள் வந்தபிறகு ஆன்டெனாவை நிமிர்ந்துகூடப் பார்க்காத குடும்பம் நாங்கள். எப்படித் தெரியும்? சுடுகிற பைப்பைப் பிடித்தபடி நின்றேன். இதைப் போய் அவரிடம் எந்த வாயால் சொல்வது?

அதற்குள் கீழிருந்து குரல்: "வந்துடுச்சு மச்சான்! கண்ணாடியாட்டம் தெரியுது. எறங்கு, வெயில்ல நிக்காத."

இறங்கி வந்து பார்த்தால் திரை முழுக்க எறும்புதான். மாமா அதன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"வருதுன்னீங்களே?"

"அந்தம்மா சொன்னது கேட்டுச்சு. கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. ஒனக்குச் சொல்ல சங்கடமா இருக்கும்னுதான்."

எழுந்து டிவியை நிறுத்தினார். அந்த இரைச்சலும் போனதும் வீட்டில் உட்காரவே முடியவில்லை. பிறகு மாமா கேட்டார்:

"ஒங்க வூட்ல எனக்குக் கட்டில் எங்க போடுவ?"

"காத்து வர்ற ரூம்ல, மாமா."

"வேணாம். நீங்கள்ளாம் டிவி பாக்கறப்ப சத்தம் கேக்குற எடமாப் போடு."