முன்வாசலில் பாத்தி போட அனுமதி கோரி

“வாடகைதாரர், உரிமையாளரின் எழுத்துமூலமான ஒப்புதலின்றி, கட்டடத்திலோ அதைச் சுற்றியுள்ள தரையிலோ இடித்தல், தோண்டுதல், துளையிடுதல் ஆகிய எதையும் செய்யலாகாது.”

வாடகை ஒப்பந்தம், பிரிவு பதினான்கு, உட்பிரிவு அ. எழுதியவன் நான். வேங்கிக்காலில் வீடு கட்டி மாடியை வாடகைக்கு விட முடிவு செய்தபோது, முத்திரைத்தாள் விற்பவரிடம் இருந்த இரண்டு பக்க மாதிரியை என்னால் ஏற்க முடியவில்லை. சுவரில் ஆணி அடிப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் அப்படி ஒரு தாளில் கையெழுத்திடக்கூடாது என்று ஒன்பது பக்கத்தில் நானே ஒன்று தயாரித்தேன். இதுவரை குடியிருந்தவர்களில் அதை முழுதாகப் படித்தவர் ஒருவர்தான்.

போன சித்திரையில் மாடிக்கு வந்தார் அவர். முப்பத்தைந்து வயது இருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். பிறந்த வீட்டில் நெல்லும், அந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையும் பயிர். டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கணவர் வேன் ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வெளியூர். கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு எல்லாம் இறங்கிய பிறகு கடைசியாக அந்தப் பெண்மணி வேனின் முன்சீட்டிலிருந்து இறங்கினார். கையில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா, அதில் ஒரு முல்லைக்கொடி. வழி முழுவதும் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“மாடில வெயில் ஜாஸ்தியா இருக்குது. இத மட்டும் கீழ வெச்சிக்கட்டுங்களா சார்?”

வைத்துக்கொள்ளச் சொன்னேன். டப்பா வைப்பது பிரிவு பதினான்கில் வராது.

எங்கள் முன்வாசல் கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை ஒரே சிமெண்டுத் தரை. பாம்பு வராது, களை முளைக்காது, சேறு கிடையாது என்று நானே நின்று போட வைத்தது. ஏழு நாள் தண்ணீர் பாய்ச்சியதும் நான்தான். சித்திரை, வைகாசி மதியங்களில் அதன்மேல் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது என்பதைத் தவிர அதில் குறை கண்டவர் யாருமில்லை, என் மனைவியைத் தவிர.

வைகாசியில் முல்லையின் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும் வழியில் அவர் என் நாற்காலிக்கு எதிரே நின்றார்.

“சார், வேர் டப்பாவுக்குள்ளயே சுத்திச் சுத்தி அதையே நெறிக்குது. கல்யாணம் ஆனதுலருந்து நாலு வீடு மாறிட்டேன். நாலு வீட்லயும் மண்ணே இல்ல. ஆடி மழைக்குள்ள தரையில எறக்கலன்னா இது போயிடும். இந்த ஓரமா கொஞ்சம் ஒடைச்சி பாத்தி போட்டுக்கட்டுங்களா?”

“எழுத்துல குடுங்க. பார்க்கலாம்” என்றேன். முப்பத்தாறு வருடப் பழக்கம். பெரும்பாலானவர்கள் அந்த வாக்கியத்தோடு போய்விடுவார்கள்.

மறுநாள் மாலை மனு வந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் உரிய இடத்தில் இருந்தன. பொருள்: முன்வாசலில் பூச்செடிகளுக்குப் பாத்தி போட அனுமதி கோரி. பார்வை: வாடகை ஒப்பந்தம், பிரிவு 14(அ). இணைப்பு: வரைபடம் ஒன்று. என் கீழ் வேலை பார்த்த உதவியாளர்களில் பாதிப் பேருக்கு ‘பார்வை’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கடைசிவரை தெரியாது. நான் மனுவில் தேதி போட்டு, சுருக்கொப்பமிட்டு, கோப்பில் வைத்தேன்.

வைத்தேன் என்றால், வைத்துவிட்டேன். மறுப்பதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. ஆனால் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் பிறகு அதற்கு நான் பொறுப்பு. பரிசீலனையில் இருக்கும் கோப்பால் யாருக்கும் எந்தக் காலத்திலும் ஆபத்து வந்ததில்லை. முல்லைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் நான்கைந்து இலைகள் என் சிமெண்டின்மேல் கிடந்தன.

“மேல இருக்கறவங்க மனு கீழ இருக்கறவர்கிட்ட மாட்டிக்கிச்சு” என்றாள் மனைவி. “நாலு தெரு தள்ளி கலெக்டர் ஆபீஸ். அங்க குடுத்திருந்தா இந்நேரம் பூவே பூத்திருக்கும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கடப்பாரையோடு இறங்கி வந்தார். இன்னொரு கையில் ஒப்பந்தத்தின் ஜெராக்ஸ்.

“சார், இன்னிக்கு முப்பத்தொண்ணாவது நாளு.”

“எதுக்கு?”

அவர் காட்டிய இடத்தில் பென்சிலால் கோடிட்டிருந்தது. பிரிவு பதினான்கு, உட்பிரிவு ஆ: “விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் உரிமையாளர் பதில் அளிக்காவிடில், ஒப்புதல் அளிக்கப்பட்டதாகவே கருதப்படும்.”

அந்த வாசகம் எனக்குப் பிடித்த ஒன்று. பதில் சொல்லாத அதிகாரிகளுக்கு அப்படி ஒரு கடிவாளம் வேண்டும் என்று பணியில் இருந்தபோதே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒப்பந்தத்தில் அதைச் சேர்த்தபோது, இங்கே அந்த அதிகாரி நான்தான் என்பது நினைவுக்கு வரவில்லை.

“நீங்களே எழுதினதுங்களா சார் இது?”

“ஆமா.”

“நல்லா எழுதியிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார். கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உடனே உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. ஒரு குடம் தண்ணீரைப் போர்ட்டிகோ படியருகே ஊற்றிவிட்டு, அது எங்கே போகிறது என்று உட்கார்ந்து பார்த்தார். மூன்று முறை ஊற்றினார். மட்டப்பலகை வைத்துப் போட்ட தரை என்று நான் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் அதைக் காதில் வாங்கவில்லை. வளைந்து மேற்கு மூலைக்கே போனது. ஓடிய வழியைக் கோலமாவால் வரைந்துகொண்டார். மனுவோடு இணைத்த வரைபடத்தில் இருந்த நீள்சதுரங்கள் போய், மூன்று வளைந்த பாத்திகள் தரையில் வந்தன. கேட்டுக்கு நேரே மட்டும் இடம் விட்டார்.

“அங்க அம்மா கோலம் போடுவாங்கல்ல?”

பிறகு கடப்பாரையின் பின்முனையால் தரையை மெல்லத் தட்டிக்கொண்டே போனார். சத்தம் எங்கே மாறுகிறதோ அங்கே நிறுத்தி ஓர் அடி. ஒரே அடியில் சிமெண்டு விரிசல் விட்டது. ரத்தம் எடுக்க நரம்பு தேடும் கை அது. ஒரு முறைக்கு இரண்டு முறை குத்தினால் நோயாளிகள் திட்டுவார்கள் என்பது அதற்குப் பழகியிருந்தது.

சிமெண்டுக்குக் கீழே வந்ததை மண் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. செங்கல் துண்டு, ஜல்லி, கெட்டியாகிப்போன சிமெண்டு மூட்டை, கொத்தனார் தொலைத்த ஒரு கரண்டி. எல்லாம் என் மேற்பார்வையில் புதைக்கப்பட்டவை. அவர் அதையெல்லாம் முழங்கால் ஆழம் வரை எடுத்தார், சல்லடையில் சலித்தார். அடுத்த வாரம் கணவரின் வேனில் ஊரிலிருந்து செம்மண்ணும் மக்கிய எருவும் வந்தன. உடைத்த சிமெண்டுத் துண்டுகளை வெளியே கொட்ட வண்டி சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“எதுக்குங்க சார்? இதுவே கரை கட்ட ஆவும்.”

துண்டுகளைச் செங்குத்தாக நட்டு மூன்று பாத்திகளுக்கும் கரை எழுப்பினார். என் தரையிலிருந்து ஒரு துண்டுகூட வீட்டை விட்டு வெளியே போகவில்லை. இவ்வளவு சிக்கனமாக முடிக்கப்பட்ட வேறொரு வேலையை நான் எந்தக் கோப்பிலும் கண்டதில்லை.

ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு டப்பாவைப் பக்கவாட்டில் வெட்டி, முல்லையை நடுப்பாத்தியில் இறக்கினார். வேர் டப்பாவின் வடிவத்திலேயே உருண்டு இறுகியிருந்தது. விரலால் அதைச் சிக்கெடுத்துப் பிரிக்க அரை மணி நேரம் ஆனது. மண்ணுக்கு மேலே மல்லாட்டைத் தோலைக் கையளவு தடிமனாகப் பரப்பினார். “வெயில் எறங்காது, ஈரம் நிக்கும்” என்றார். மற்ற இரண்டு பாத்திகளில் கனகாம்பரம், துலுக்கச் சாமந்தி, நந்தியாவட்டை.

முல்லை மூன்று வாரம் அப்படியே நின்றது. நான் காலையில் பேப்பரைப் பிரிப்பதற்கு முன் அதைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். நான்காவது வாரம் ஒரு கணுவில் பச்சையாக ஏதோ தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். துளிர்தான். மாடியைப் பார்த்து நானே குரல் கொடுத்தேன்.

ஆவணியில் வேறு பிரச்சினை. விடியற்காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் கம்பி கேட்டுக்குள் கைவிட்டு நந்தியாவட்டையைப் பறித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். சாமிக்கு என்றால் அது திருட்டில் சேராது என்பது இந்த ஊரின் எழுதாத விதி. ‘பூக்களைப் பறிக்காதீர்’ என்று பலகை எழுத உட்கார்ந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

“பலகையப் படிச்சிக்கிட்டே பறிப்பாங்க சார்.”

மறுவாரம் காம்பவுண்டை ஒட்டி, வெளியிலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில் இன்னும் நான்கு நந்தியாவட்டைச் செடிகள் வந்தன. கனகாம்பரமும் சாமந்தியும் உள்ளே தள்ளிப் போயின. “எட்டுறது அவங்களுக்கு. எட்டாதது நமக்கு” என்றார். அதன்பிறகு எட்டாததற்கு யாரும் முயலவில்லை. ஒரு மாமி மட்டும் பறித்துக்கொண்டே என்னிடம், “பூ கொஞ்சம் கம்மியா இருக்கே, தண்ணி ஊத்தறீங்களா இல்லையா?” என்று அதட்டினார்.

ஐப்பசி மழையில் முல்லை பூத்தது. முதல் நாள் பதினோரு பூ. என் மனைவி அதைத் தலையில் வைக்காமல் ஒரு தட்டில் வைத்து வீடெல்லாம் எடுத்துக்கொண்டு போனாள்.

மார்கழியில் பெங்களூரிலிருந்து மகன் பேசினான். “முன்னாடி ஃபுல்லா தோண்டி வெச்சிருக்கீங்களாமே? நான் கார எங்க விடறதுப்பா? மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். பொங்கல் முடிஞ்சதும் மறுபடி சிமெண்ட் போட்டுடுவாரு.”

மனைவி இதை மாடியில் சொல்லியிருக்கிறாள். அன்று மாலை அவர் வந்தார்.

“எடுக்கணும்னா சொல்லிடுங்க சார், நானே எடுத்துடறேன். மேஸ்திரி கைல குடுக்காதீங்க. ஆனா இப்ப எடுத்தா வேர் அறுந்துடும். மறுபடி பொழைக்கறது கஷ்டம்.”

“உங்களுக்குத்தான் உட்பிரிவு ஆ இருக்கே?”

“அது மாசியோட முடியுதுங்களே சார், ஒப்பந்தத்தோட. கருதப்படும்னு இருக்கறது எனக்குப் போதும். செடிக்குப் போதாது.” வாசற்படியில் திரும்பி நின்றார். “என் மனுவுக்கு இன்னும் பதில் வரல சார்.”

பொங்கலுக்கு மகன் வந்தான். கார் தெருவில் நின்றது, ஒன்றும் ஆகவில்லை. அவன் போன மறுவாரம் மேஸ்திரி அளவு நாடாவோடு வந்தார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். “உங்க புள்ள சொன்னாரே?” என்று கேட்டுக்கொண்டே போனார். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வாயால் சொன்னது செல்லாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். எனக்குப் பிறகு இந்த வீடு அவனுடையது. அந்த நாடா மறுபடி வரும்.

கோப்பை எடுத்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான்காவது நின்றது: “பார்வையில் கண்ட மனு பரிசீலிக்கப்பட்டது. முன்வாசலில் உள்ள மூன்று பாத்திகளுக்கும் ஒப்புதல் அளிக்கப்படுகிறது. நடுப்பாத்தியில் உள்ள முல்லைக்கொடி உயிருடன் இருக்கும்வரை, குடியிருப்பவர் யாராயினும், பாத்திகள் அகற்றப்படமாட்டா. இது உரிமையாளரையும் அவருடைய வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். தாமதத்துக்கு வருந்துகிறேன்.” நகல்: மகனுக்கு. வருந்துகிறேன் என்ற வாக்கியத்தைப் பணிக்காலத்தில் நான் எழுதியதே இல்லை.

மாடிப்படி பதினெட்டுதான். ஆனாலும் ஒப்புகை அட்டை இணைத்துத் தபாலில் சேர்த்தேன். இரண்டு நாள் கழித்துத் தபால்காரர் கேட்டருகே நின்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அனுப்புனவரும் வாங்குறவரும் ஒரே அட்ரஸ் சார். எதனா தப்பாப் போட்டுட்டீங்களா?”

“இல்ல. மாடி வீட்டுக்கு. அதோ, அவங்ககிட்ட குடுங்க.”

பாத்திக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினார். நின்றபடியே பிரித்துப் படித்தார். முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். பிறகு தபால்காரரிடம் பேனா வாங்கி அட்டையில் கையெழுத்திட்டார். அந்த அட்டை இப்போது என் கோப்பில் இருக்கிறது, ஓரத்தில் ஈரமண் படிந்த கட்டைவிரல் தடத்தோடு. கையெழுத்துக்குக் கீழே அவர் கையாலேயே தேதி: தை இருபத்து மூன்று, வெள்ளிக்கிழமை.